ஏழு பிட்டில் அடங்காத நாவல்

விதி இதுதான்: வேகம், எழுத்துக்கு எத்தனை பிட், பிழை சோதிக்கும் முறை, இந்த மூன்றும் இரண்டு முனைகளிலும் ஒன்றாக இருந்தால் அனுப்பியது அப்படியே வந்து சேரும். குன்னூரில் தேயிலை ஏல அலுவலகத்தில் இருந்தவரை இந்த விதியின்படிதான் ஏலப் பட்டியல்களைக் கம்பி வழியே அனுப்பினேன். ஒருமுறையும் தவறியதில்லை. ஆகவே என் மனைவியின் நாவலும் தவறாது என்று, எழுதிக் கையெழுத்துப் போடாத குறையாக உறுதி கூறினேன்.

ஆசிரியையாக இருந்த காலத்தில் ஒரு மடிக்கணினியில் அவள் தட்டச்சு செய்த நாவல் அது. பாதியில் நின்றிருந்தது, இப்போது முடிக்க ஆசைப்பட்டாள். நகல் எடுத்துவைத்த பிளாப்பிகளை எங்கள் ஊர் ஈரம் விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றிலும் பூசணம். மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்கும் அரைபடும் ஓசை எழுப்பத் தொடங்கியிருந்தது. அது நின்றால் நாவலும் போயிற்று. மிஞ்சிய ஒரே வழி, பின்புறத்தில் கம்பி செருகும் துளையான சீரியல் போர்ட்.

அலுவலகம் கழித்துக்கட்டிய மேசைக்கணினி ஒன்று என்னிடம் இருந்தது. அவளுடைய பழைய தமிழ் எழுத்துருவை அதில் ஏற்றி, இரண்டையும் கம்பியால் இணைத்தேன். முதலில் உச்ச வேகம் வைத்தேன். மேசைக்கணினி ஈடுகொடுக்க முடியாமல் வரிகளை விழுங்கியது. வேகத்தைக் குறைத்து, அலுவலக முறைப்படி எழுத்துக்கு ஏழு பிட், சோதனைக் காவலுக்கு ஒரு பிட் என்று அமைத்தேன். பிழை ஒன்றுமில்லை என்று திரை அறிவித்தது. கோப்பைத் திறந்தோம். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும்.

"ஏனுங்க, இது நான் எழுதுனதுங்களா, உங்க ஆபீஸ் சர்க்குலருங்களா?"

"விதிப்படிதாம்மா அனுப்புனேன்."

"அப்ப அந்த விதியவே கேளுங்க, என் கதாநாயகி எங்க போனான்னு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு குனிந்து, மடிக்கணினியின் ஓசையைக் கொஞ்ச நேரம் கேட்டாள். நான் அதை அணைத்துவிட்டேன்.

எங்கள் அலுவலகத்துக்கு அந்த முறையை வகுத்துத் தந்த பொறியாளர் இப்போது கோவையில் இருக்கிறார். பொருள், பார்வை எல்லாம் இட்டு வாட்ஸ்அப்பில் அவருக்கு விண்ணப்பித்தேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அந்த நினைவூட்டலைச் சுட்டி இன்னொன்று.

"கட்டிக்கப் போறவளா இருந்தப்ப எனக்கு ஒரு லெட்டர் போடலீங்க நீங்க. அவருக்குப் பாருங்க!" என்றாள்.

கடைசியில் குரல் பதிவாக வந்தது பதில்.

"மன்னிச்சுக்கோங்க சார், கண்ணு ஆப்பரேசனுங்க, போனத் தொடவே உடல. நாம அன்னைக்கு அனுப்புனது பூராவும் இங்கிலீசுங்க, ஏழே போதும். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துக்கு எட்டாவது பிட் இல்லாம ஆகாதுங்க. அதப் போயி வெட்டி வெச்சிருக்கீங்களே! காவலுக்கு நிக்கறத எடுத்துப்போட்டு அந்த எடத்த எழுத்துக்குக் குடுங்க. நேரமும் அதிகமாகாதுங்க. வேகத்த மட்டும் ஏத்திராதீங்க."

அரசாணைக்குக்கூட நான் இவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிந்ததில்லை. மடிக்கணினி இரண்டுமுறை முனகிவிட்டு விழித்தது. கோப்பு நிதானமாக இறங்கி முடிந்தது, திறந்தால் தமிழ். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாதியில் நின்ற வாக்கியம்வரை வாசித்தாள். அதன்பின் சாவிப்பலகையைத் தன் பக்கம் நகர்த்தி, அதே வாக்கியத்தை முடித்தாள்.

கண்ணில் கட்டோடு எனக்காகப் பேசிய அந்த மனிதரை அழைத்து நன்றி சொன்னேன். சொன்னதையே மூன்றுமுறை சொல்லிவிட்டேன். அவர் நாகரிகமானவர், கவனிக்காததுபோல் வெயிலைப் பற்றிப் பேசினார். மாதா கோவிலுக்குத் தாமதமாகத்தான் போனோம். அன்று பெரிய வியாழன், புனித வெள்ளிக்கு முந்தின நாள்.