கமிஷனருக்காகப் போட்ட ஓலை

ஐம்பதுகளில் நான் பாலக்காட்டில் வக்கீல். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட் வராந்தாவில் உலாத்தினேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஃபீஸ் வாங்காமல் நான் எடுத்த ஒரே வழக்கு, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சேரியினுடையது. தெருக் கூட்டுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களுமாக முப்பது குடும்பம். நிலம் தன்னுடையது, போன மழைக்குப் பிறகுதான் இவர்கள் வந்து குடிசை போட்டார்கள் என்று சொல்லி, ஒரு மரக்கடை முதலாளி காலி செய்யச் சொன்னார். அதற்குத் தடை கேட்டுச் சேரிக்காரர்கள் பேரில் வழக்குப் போட்டேன். எத்தனை பெரிய பொய் சொன்னாலும் அந்த மனிதருக்கு நெற்றிச் சந்தனம் கலையாது. அங்கே பிறந்தவர்களுக்கே பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

ஏழைகளுக்காக வாதாடுகிறோம் என்று எனக்குத் தலைக்கனம் வேறு. வக்கீல்கள் அறையில் அதைச் சொல்லிச் சொல்லியே காபி குடித்தேன்.

குடிசைகள் எத்தனை காலத்துப் பழசு என்று நேரில் பார்த்து எழுத, முன்சீப் இன்னொரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டார். பாதி ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன். மட்கிப்போன ஓலையும் கரி பிடித்த மூங்கிலும் போதுமே! "வெள்ளிக்கிழமை கமிஷனர் வரார், எல்லாம் ஒழுங்கா இருக்கணும்னு சொல்லு" என்று குமாஸ்தாவை அனுப்பினேன்.

அம்மை குத்துகிறவர் வந்தாலே வாசல் மெழுகிக் கோலம் போடுகிற ஜனங்கள் அவர்கள். கோர்ட்டிலிருந்தே ஆள் வருகிறது என்றால் கேட்க வேண்டுமா? கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் கெஞ்சி, வண்டி வண்டியாகப் பனையோலை கொண்டுவந்து, முப்பது கூரையையும் பிரித்துப் புதிதாக வேய்ந்தார்கள். சுவருக்குச் செம்மண் பூசினார்கள். பழைய ஓலையை ஒன்று விடாமல் கொளுத்தினார்கள்.

கமிஷனர் மூக்கில் கைக்குட்டையோடு தெருமுனையில் நின்றார். உள்ளே போய் ஒரு மூங்கிலைத் தொட்டுப் பார்க்க அந்த மகாராசனுக்கு மனசு வரவில்லை. குடிசைகள் அண்மையில் போடப்பட்டவை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் ஆட்சேபணை மனு போட்டேன், தள்ளுபடி. கடைசியில் வழக்கும் தள்ளுபடி.

தீர்ப்பான அன்று, சேரிக்காரர்கள் சார்பில் கோர்ட்டுக்கு வந்துபோன அம்மாளிடம் எரிந்து விழுந்தேன்.

"யாரம்மா உங்களைப் புது ஓலை போடச் சொன்னது? மூளை இருக்கா?"

அவள் கோபப்படவில்லை. "நீங்கதானுங்களே ஒழுங்கா இருக்கோணும்னு ஆளனுப்புனீங்க. பழசுதான் வேணும்னு எங்களுக்கு எப்படீங்க தெரியும்? ஒருக்கா வந்து சொல்லியிருந்தா அப்பிடியே உட்டிருப்பமுங்க. கூப்பிடு தூரந்தானுங்களே."

கமிஷனராவது தெருமுனை வரை போனார். நான் அதுகூடப் போகவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அருவருப்பு, வேறொன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

குடிசைகளைப் பிரித்த அன்றுதான் முதல் தடவையாக அங்கே போனேன். முதலாளியின் ஆட்கள் அந்தப் புது ஓலைகளை ஒடியாமல் இறக்கி, அவருடைய மரக்கொட்டகைக்கு வேய்வதற்காக வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.