இஞ்சினை அணைத்த லோரிக்காரர்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து லோரி ஓட்டிய ஒருவரை அறிவேன். கம்பளித் தொப்பி, ஒற்றைத் தங்கப் பல், எதையும் தானே செய்து பார்த்துவிடும் குணம்.

தோட்டப்பள்ளி ஆசிரியரான நான் ஒருநாள் லோரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வியாழன் கிரகத்தை ஒட்டிப் பறந்த விண்கலம், எரிபொருள் செலவில்லாமலே வேகம் கூட்டிக்கொண்டதாக வானொலியில் கேட்டிருந்தார். இறக்கத்தில் இஞ்சினை அணைத்தார்.

"இந்த வேகத்துலயே ஏத்தத்தத் தாண்டிரலாம் சார்."

பாதி ஏற்றத்தில் லோரி நின்றது. இஞ்சின் மறுபடி கிளம்பவில்லை. பின்னால் மூட்டைகளில் கொழுந்து சூடேறியது. கெட்டால் தோட்ட மேலாளரான துரை அவரை வேலையை விட்டே நிறுத்திவிடுவார்.

"ரேடியோவுல பொய் சொல்றான்லா!"

"பொய் இல்ல. மலை ஒரே எடத்துல நிக்குது. இறக்கத்துல குடுத்த வேகத்த ஏத்தத்துல திருப்பி வாங்கிக்கும். வியாழன் சூரியனச் சுத்தி ஓடுது. தன்னோட ஓட்டத்துல கொஞ்சத்தக் கலத்துக்குக் குடுத்திருது."

"அப்ப வியாழனுக்கு வேகம் கொறஞ்சிருக்குமே?"

"கொறயும். யாருக்கும் தெரியாத அளவுக்கு."

திரிங்காப் ஊருக்குப் போகும் காலி லோரி ஒன்று எங்களைக் கயிறு கட்டி இழுத்தது. அவர் வாடிய முகத்தோடு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"கவலப்படாதீங்க, கொழுந்துக்கு ஒண்ணும் ஆகாது," என்றேன்.

"கொழுந்து கெடக்கு சார். அந்த வியாழன் பாவம்லா."

பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். வியாழனுக்காக வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான்.