அப்பா பெர்மனென்ட் ஆன வாரம்

மலாயாவில் பொந்தியான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது எனக்கு ஏழு வயது. அந்த மழைக்காலத்தில் சித்தப்பா ரப்பர்பால் வாளியோடு மேட்டில் வழுக்கி விழுந்தார். முட்டி மடங்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் அமுக்கிப் பார்த்துவிட்டு, “இது பெர்மனென்ட். இனி நீட்டின கால் நீட்டினதுதான்,” என்றார். அம்மை, காலரா வரிசையில் எனக்கு இன்னொரு வியாதியின் பெயர் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து, சாயங்காலம், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். அப்பா அப்போது எஞ்சின் கொட்டகையில் தற்காலிக ஆளாக இருந்தார்.

“துரை உன்னைப் பெர்மனென்ட் பண்ணிட்டாருப்பா!”

அப்பா சிரித்துக்கொண்டே கும்பிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகமும் நன்றாக இல்லை. அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, பாவம் அப்பாவுக்குத்தான் தெரியவில்லை என்று முடிவுகட்டினேன்.

மறுநாளிலிருந்து அப்பாவின் முட்டிகளைக் காவல் காத்தேன். அவர் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எனக்கு மூச்சு வரும். எழும்போது கையை ஊன்றினால் நின்றுவிடும். சாமிக்கு நேர்ந்துகொண்டேன். சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் எஞ்சின் கொட்டகை வாசலில் அவர் லேசாக நொண்டினார். செருப்பில் கல் ஏறியிருந்தது. எனக்கு அது தெரியாது. ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு அலறினேன்.

“என்னா புள்ள, என்னா ஆச்சு?”

“உங்களுக்கும் பெர்மனென்ட் வந்துருச்சுப்பா!”

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அது சீக்கு இல்லடி கழுத. வேலை போகாது. ஊருக்குத் திரும்பிப் போவ வேணாம். நாம எப்பவும் இங்கயேதான்.”

லயத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பயப்படாதீங்க! பெர்மனென்ட்னா நாம ஊருக்கே போவ வேணாமாம்!”

முறத்தில் அவள் கை நின்றது.

“அப்பாவா சொன்னாரு?”

“ஆமா! எப்பவும் இங்கயேதானாம்!”

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலில் குதித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கப்பலேறியபோது அம்மை கண்டிருந்த என் அக்காவை ஊரில் மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இரண்டே வருடம், திரும்பி வந்துவிடுவோம் என்று அவளிடம் சொல்லியிருந்தவள் அம்மா. அம்மா அரைகுறையாக ஊகித்துப் பயந்திருந்த அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அவளிடம் முதன்முதலாக அர்த்தம் சொன்னவள் நான்தான் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.