ஒரு சாண் குடல்

கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளுக்கு மூலதனமே வாய்தான்; மெஷின்கூட அப்புறம்தான். வக்கீல் குமாஸ்தா யாராவது அவசரம் என்று வந்து நின்றால், "அவசரம்னா நேத்தே வந்திருக்கணும்" என்பாள். தாளைக் கசக்கிக்கொண்டு வந்தவனை அவன் வம்சத்தோடு சேர்த்து வறுத்தெடுத்து அனுப்புவாள். ஆனாலும் கூட்டம் அவள் கடைக்குத்தான். ஓர் எழுத்து மங்கினாலும் கேட்காமலே கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்துத் தருவாள்.

அவள் வாய்க்கு ஈடு கொடுத்தது ஒருத்திதான்: அவளுடைய ஓரகத்தி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். அண்ணனும் தம்பியும் வீட்டை நடுவில் பலகை அடித்துப் பிரித்துக்கொண்டபோது, காற்று வரும் ஜன்னல் மூத்தவளான ஜெராக்ஸ்காரி பக்கம் போய்விட்டது. அன்று பிடித்த சண்டை. அதற்குப் பிறகு நேருக்கு நேர் பேச்சில்லை. இந்தப் பக்கம் ஒருத்தி சட்டியிடம் சொல்வாள். அந்தப் பக்கம் மற்றவள் துடைப்பத்திடம் பதில் சொல்வாள்.

ஜெராக்ஸ்காரிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. புண் ஆறி, கடைக்கும் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் காலையில் வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் வலி வந்தது. வரும், விடும், மறுபடி வரும். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. வயிறு தவில் மாதிரி உப்பியது. மலம் போகவில்லை, காற்றும் பிரியவில்லை.

பம்ப் ஹவுஸில் வேலை பார்த்த அவள் புருஷன் சாது. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அப்போது பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"வாயுவா இருக்கும் மாமா. சுடுதண்ணி குடுங்க, சரியாயிடும். ஒரு தும்மலுக்கே ஊரைக் கூட்டுறவங்கதானே."

அந்த ஒரு பேச்சுதான். ஜெராக்ஸ்காரி பல்லைக் கடித்தாள். "நான் எங்கயும் வரல" என்று புருஷனிடம் சொன்னாள். துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் சுருண்டு கிடந்தாள். அவள் முனகுவதைக் கேட்டு அந்தப் பக்கம் ஒருத்தி சந்தோஷப்படுவதைவிடச் செத்துப்போவது மேல் என்று நினைத்தாள். மறுநாள் பச்சையாக வாந்தி எடுத்தபோதுதான், புருஷன் அவளைக் கேட்காமலே ஆட்டோவைக் கூப்பிட்டான்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார்: "போன ஆபரேஷனோட தழும்பு வயித்துக்குள்ள கயிறு மாதிரி வளர்ந்து குடலை இறுக்கியிருக்கும்மா. எதுவும் கீழ இறங்க வழியில்ல. ரெண்டு நாள் பார்ப்போம். தானா விடலைன்னா திறக்கணும். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூட வாயில போகக் கூடாது."

மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய் விட்டார்கள். அதில் இறங்கிய பச்சைத் தண்ணீர் கட்டிலோரம் தொங்கிய பையில் சேர்ந்தது. கையில் டிரிப்ஸ். பெண்கள் வார்டு; பார்வையாளர் நேரம் தவிர ஆண்களுக்கு அனுமதியில்லை. துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்றார் நர்ஸ்.

வந்தவள் ஓரகத்தி. கொழுந்தன் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியிருந்தான். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் போலீஸ்காரி மாதிரி உட்கார்ந்தாள்.

ஜெராக்ஸ்காரிக்கு நாக்கு தோல்போல் காய்ந்து கிடந்தது. எவ்வளவோ அடக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"கொஞ்சம் தண்ணி."

"கூடாதுக்கா."

"உதட்டை நனைக்கவாவது."

ஓரகத்தி நனைத்த பஞ்சை எடுத்து உதட்டில் ஒற்றினாள். டாக்டர் அனுமதித்தது அவ்வளவுதான். அதைச் செய்யும்போது அவள் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்ததை ஜெராக்ஸ்காரி பார்த்தாள். அப்புறம் ஓரகத்தி தன் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். மறைவாகப் போய்க் குடித்திருக்கலாம், குடிக்கவில்லை.

இரண்டு நாளாகியும் குடலின் இறுக்கம் விடவில்லை. மதியம் ஆபரேஷன் என்று முடிவானது. காலையில் பார்வையாளர் நேரத்தில் புருஷன் வந்தான். ஓரகத்தி மருந்து வாங்கப் போயிருந்தாள். பெண்டாட்டி கண்ணாலேயே கெஞ்சியதை அவனால் தாங்க முடியவில்லை. வெளியே போய் ஆரஞ்சு ஜூஸ் வாங்கி வந்து, முந்தானை மறைவில் குடிக்க வைத்தான்.

ஓரகத்தி திரும்பி வந்தபோது, பச்சையாக இருந்த பை ஆரஞ்சாக மாறிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ்காரி ஓங்கரித்தாள். ஓரகத்தி ஒரு பார்வையிலேயே எல்லாம் புரிந்துகொண்டு, வார்டே கேட்கும்படி நர்ஸைக் கூப்பிட்டாள்.

"பாருங்க சிஸ்டர், இவரு என்ன பண்ணி வச்சிருக்காருன்னு."

டாக்டர் வந்தார். நிறைந்த வயிற்றோடு மயக்க மருந்து கொடுத்தால் உள்ளே இருப்பது புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்று, எல்லார் முன்னிலும் அவனைத் திட்டித் தீர்த்தார். அவன் பள்ளிக்கூடப் பையன்போல் தலை குனிந்து நின்றான். ஆபரேஷன் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. வலியைவிட, தன் புருஷன் அப்படி நின்றதுதான் ஜெராக்ஸ்காரிக்கு நெஞ்சில் தைத்தது.

வயிற்றைத் திறந்தபோது குடலில் ஒரு சாண் கறுத்துப்போயிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு மீதியை இணைத்தார்கள்.

அப்புறம் தினமும் டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றே: "காத்து பிரிஞ்சுதா?" குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளமாம். வார்டே அதற்காகக் காத்திருந்தது. ஒருவழியாகப் பிரிந்தபோது டாக்டர் சிரித்தார். ஓரகத்தி வராந்தாவுக்குப் போய், உறவுக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டுச் செய்தி சொன்னாள். ஒவ்வொரு போனும் கட்டில்வரை கேட்டது.

"நான் மட்டும் காவல் இல்லன்னா இவங்க இன்னிக்குப் படமாத் தொங்கிருப்பாங்க" என்றாள் கடைசிப் போனில்.

அவள் உள்ளே வந்ததும் ஜெராக்ஸ்காரி சொன்னாள்: "வாயுன்னு சொல்லி ஒரு நாளைக் கெடுத்தது நீ. குடல் போனது அதனாலதான்."

"நான் சொன்னா என்ன? ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு படுத்தது யாரு? ஜூஸ் ஊத்தினது என் புருஷனா?"

"என் புருஷனைப் பேசாத."

"அப்போ என்னையும் பேசாதீங்க."

பக்கத்துக் கட்டில்காரி போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். எந்தத் தாமதத்தால் குடல் கறுத்தது என்று டாக்டரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "உயிர் இருக்கில்ல" என்று நகர்ந்துவிட்டார்.

ஜெராக்ஸ்காரி தேறினாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும். அவசரமாக விழுங்கினால் வயிறு உடனே பிடித்துக்கொள்ளும். கடையில் உட்கார்ந்து மறுபடி ஆட்களை விரட்டத் தொடங்கினாள். பரிசோதனைக்குப் போக வேண்டிய அன்று புருஷனுக்கு டியூட்டி. துணைக்கு ஓரகத்தியே வந்தாள்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "நல்லாயிருக்கு. ஆனா இது திரும்பவும் வரலாம்மா. வலி வந்தா அன்னிக்கே வந்துடணும். கூட இருந்து பார்த்துக்க ஆள் இருக்கில்ல? போன தடவை இவங்க நல்லா பார்த்துக்கிட்டாங்க."

"இவளைத் தவிர யாரு வேணும்னாலும் இருக்கட்டும் டாக்டர்."

"நான் மட்டும் வர்றதா சொன்னேனா?" என்றாள் ஓரகத்தி.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரர் ஒரே தெருப் பெயரை இருவரும் சொன்னதைக் கேட்டு, ஏறச் சொன்னார். ஜெராக்ஸ்காரி ஏறினாள். ஓரகத்தி அடுத்த ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டாள்.