ஓகஸ்ட் மாதத்துத் தோல்

அடிபட்ட முயல் கத்துவதை நான் ஒருநாளும் நேரில் கேட்டதில்லை. ஆனால் அதைப் போலக் கத்த எனக்குத் தெரியும். இரண்டாக மடித்த சிறிய தகரத் துண்டு, நடுவில் ஒரு துளை, அவ்வளவுதான் ஊதுகுழல். அதைப் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே வைத்து மூச்சை உள்ளே இழுத்தால், புல்லுக்குள் எங்கோ ஒரு சிறு உயிர் கிடந்து கதறுவது போலிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நரி வரும். முதலில் வேலி ஓரத்தில் காதுகள் தெரியும். பிறகு பனி படிந்த புல்லின் மேலால் தாழ்ந்து, நின்று, மறுபடி தாழ்ந்து வரும். எனக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கும் அத்தான் மூச்சை அடக்கிக்கொள்வார்.

எழுபதுகளின் கடைசியில், கிரான்பர்ன் என்ற சிற்றூருக்கு அப்பால், வாடகைக்கு எடுத்த ஒரு பலகை வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அக்கா, அத்தான், நான். சுற்றிலும் ஆட்டுப் பண்ணைகள். தமிழ் கேட்க வேண்டுமென்றால் நாங்களே பேசிக்கொள்ள வேண்டும். அத்தான் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைபவராக இருந்தார். அந்த வருடம் வேலை குறைந்ததும் கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நிறுத்தினார்கள். நான் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்து, ஒரு பெண்கள் பாடசாலையில் இரண்டு வருடம் படிப்பித்துவிட்டு வந்தவள். இங்கே என் சான்றிதழ்கள் ஒரு மட்டைக்குள் கிடந்தன. நான் டண்டினொங்கில் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். அங்கே என்னுடைய பெயரைச் சரியாகச் சொல்ல ஒருவருக்கும் வரவில்லை. கொஞ்ச நாளில் நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

நரி வேட்டை பக்கத்துப் பண்ணைக்காரரால் வந்தது. நரிகள் தன் ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுபோகின்றன, சுட்டால் தனக்கும் உதவி, தோலை வாங்க வான் வண்டியில் ஆள் வரும், உனக்கும் உதவி என்று அத்தானிடம் சொன்னார். ஐரோப்பாவில் நரித்தோலுக்கு மோகம் பிடித்திருந்த காலம் அது. அத்தான் உரிமம் எடுத்து, பழைய துவக்கு ஒன்றும் வாங்கினார். முதல் நரியைச் சுட்டுக்கொண்டு வந்து கொட்டிலில் போட்டவர், கத்தியைக் கையில் வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு வெளியே போய் ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். அவரால் சுட முடிந்தது, உரிக்க முடியவில்லை. நான் கத்தியை வாங்கினேன்.

பல்கலைக்கழகத்தில் தவளையும் எலியும் அறுத்த கைக்கு நரி பெரிய விஷயமில்லை. ஒரு பின்னங்காலின் குதியிலிருந்து மற்றக் குதி வரை ஒரே கீறல். பிறகு காலுறையைக் கழற்றுவது போலத் தலைப்பக்கமாக உரித்து வர வேண்டும். வாலெலும்பை இரண்டு குச்சிகளுக்கிடையில் பிடித்து இழுத்தால் மெதுவாக வழுக்கி வெளியே வரும். கொழுப்பைச் சுரண்டி, ரத்தத்தைத் துடைத்து, ஒடுங்கிய பலகையில் மாட்டி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் காயவிட வேண்டும். நெருப்புப் பக்கம் வைத்தால் தோல் வெந்து பிறகு பொருக்காக உடையும். ஒன்றிரண்டைக் கெடுத்துப் பழகினேன். மூன்றாம் முறை வந்தபோது தோல் வாங்குபவர் நான் உரித்த தோலொன்றைத் தூக்கி உதறி, மயிருக்குள் வாயால் ஊதிப் பார்த்துவிட்டு, இதை உரித்தது யார் என்று கேட்டார். அத்தான் என்னைக் காட்டினார். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். இந்த நாட்டில் என் வேலையைப் பார்த்து ஒருவர் தொப்பியைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. அன்று முழுவதும் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அக்கா இதையெல்லாம் விரும்பவில்லை. ஆனால் தடுக்கவுமில்லை. வெள்ளிக்கிழமைகளில் போகக்கூடாது, கொட்டிலில் இருந்து நேராகக் குசினிக்குள் வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். இன்னொன்றும் சொன்னாள். அவளுக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்திருந்தது. இரண்டாவது கலைந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அத்தானின் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "குட்டியோட இருக்கிறதை மட்டும் தொடாதேங்கோ. அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்" என்றாள். அத்தான் ஓம் என்றார். நானும் ஓம் என்றேன்.

ஓகஸ்ட் பாதி கடந்தபோது அத்தான் கொட்டில் வாசலில் வந்து நின்றார். நான் பலகையில் தோலை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ படிச்சனி. நரி எப்ப குட்டி போடும்?"

என் பாடப்புத்தகத்தில் அது இருந்தது. மார்ச், ஏப்ரல். அந்தப் பக்கம் இப்போதும் என் கண்முன் நிற்கிறது. ஆனால் அது இங்கிலாந்தில் எழுதிய புத்தகம். அங்கே மார்ச் என்றால் வசந்தம் தொடங்கும் காலம். இங்கே, பூமியின் தென்பாதியில், அந்தக் காலம் ஓகஸ்டிலும் செப்டம்பரிலும் வரும். ஆறு மாதத்தைத் திருப்பிப் போட எனக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. அவர் கேள்வியை முடிக்கும் முன்பே மனத்துக்குள் திருப்பிப் போட்டுவிட்டேன்.

"மார்ச், ஏப்ரலிலதான் அத்தான்," என்றேன்.

"அப்ப இன்னும் காலமிருக்கு."

"ஓம்."

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். வீட்டில் கஷ்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. வேட்டை நின்றால் எனக்கு பிஸ்கட் பெட்டி மட்டும்தான் மிஞ்சும். தோல்காரர் அடுத்த முறை வரும்போது பலகை நிறையத் தோலைக் காட்ட வேண்டும், அவர் இன்னொரு முறை தொப்பியைக் கழற்ற வேண்டும். இவ்வளவு சின்ன ஆசைக்காகத்தான்.

ஓகஸ்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நாங்கள் பண்ணைக்காரரின் பின்பக்கத்து ஓடைக் கரையில் இருந்தோம். நான் ஊதினேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அத்தான் எழும்பப் பார்த்தார்; நான் கையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, இன்னும் மெதுவாக, இன்னும் இளைத்த உயிர் போல ஊதினேன். அது வந்தது. மற்ற நரிகளைப் போல நின்று யோசித்து வரவில்லை. நேரே ஓடி வந்தது. பசியோடு வந்தது என்று அப்போதே எனக்குப் பட்டது. அத்தான் சுட்டார்.

அவர்தான் போய்த் தூக்கினார். தூக்கியவர் அப்படியே கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ரத்தம் என்று நினைத்துக் கிட்டப் போனேன். கை வெள்ளையாக நனைந்திருந்தது.

"மார்ச் எண்டு சொன்னாய்," என்றார்.

"புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு."

"எந்த ஊர்ப் புத்தகம்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறிமுகமில்லாத ஒருவரைப் பார்ப்பது போல, சற்று மரியாதையாகக்கூட, பார்த்தார். பிறகு கையைப் புல்லில் துடைத்துவிட்டு, "நீ வீட்டை போ. நான் தேடிப் பாக்கிறன்," என்றார்.

நான் நரியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உரித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். வீணாகப் போகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வழக்கம் போல ஒரே கீறலில், ஒரு கிழிசல் இல்லாமல் உரித்தேன். வயிற்றுப் பக்கம் வரும்போது கத்தி வழுக்கியது. துடைத்துக்கொண்டு தொடர்ந்தேன்.

அத்தான் ஞாயிறு முழுவதும் தேடினார். திங்களும் தேடினார். அன்று மழை. செவ்வாய்க்கிழமை நான் வேலையால் வந்தபோது அவர் குசினியில் கதிரையில் இருந்தார்; காற்சட்டை முழங்கால் வரை சேறு, நகங்களுக்குள் மண். அக்கா அடுப்பருகில் நிலத்தில் இருந்து, கண்ணுக்கு மருந்து விடும் குழாயால் எதற்கோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில், அத்தானின் ஸ்வெட்டருக்குள், மண்ணிறத்தில் ஒரு கைப்பிடி உயிர். கண் அப்போதுதான் திறந்திருந்தது. வளைக்குள் நான்கு இருந்தன என்று அத்தான் பிறகு கொட்டிலடியில் வைத்து எனக்குச் சொன்னார். செத்துக் கிடந்த மற்ற மூன்றையும் அங்கேயே மண்ணால் மூடிவிட்டு வந்தாராம்.

"தாய்க்கு என்ன நடந்தது?" என்று அக்கா கேட்டாள்.

நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றேன்.

"தெரியேல்லை," என்றார் அத்தான்.

குட்டி ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் அக்காவை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்திராத மாதிரிப் பார்த்தேன். அதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று தானே சொல்லிவிட்டு, தானே ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ராத்திரியில் எழும்பி எழும்பிப் பால் சூடாக்கினாள். ஏழாம் நாள் காலை அது விறைத்துக் கிடந்தது. அவள் அதைத் தன் நல்ல துவாய் ஒன்றில் சுற்றி, வேலிக்கருகில் தானே குழி தோண்டிப் புதைத்தாள். அத்தான் மண்வெட்டியை வாங்கப் போனார். கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பல வாரங்கள் அக்கா அத்தானோடு பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், உடுப்புத் தோய்ப்பாள், பேசமாட்டாள். என்னோடு முன்பைவிட அன்பாக இருந்தாள். வேலைக்குப் போகும்போது தலையைத் தடவி அனுப்பினாள். குட்டி செத்த துயரம் அத்தானின் மேல் திரும்பியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். வேறு காரணம் இருக்குமோ என்று தோன்றாமலில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

தோல்காரர் வந்தார். அந்தத் தோலைக் கையில் எடுத்ததும் விரல்களோடு மயிர் வந்தது. வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது குட்டிக்குப் பால் கொடுத்தது," என்று ஆங்கிலத்தில் சொல்லி, தனியே எடுத்து என் பக்கம் வைத்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. அவர் போன பிறகு அந்தத் தோலைக் கொல்லையில் குப்பை எரிக்கும் பீப்பாய்க்குள் போட்டு எரித்தேன். மயிர் கருகும் மணம் வீட்டைச் சுற்றிக்கொண்டது. குசினி யன்னலை அக்கா உள்ளிருந்து சாத்தினாள்.

அத்தான் துவக்கை விற்றுவிட்டார். சில மாதங்களில் டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். என் சான்றிதழ்களைத் திருப்பிப் பரிசீலிக்கச் சொல்லி எனக்காகக் கடிதம் கடிதமாக எழுதியவர் அவர்தான். என் கல்யாணத்தில் தகப்பன் இடத்தில் நின்றவரும் அவர்தான். கேரம் டவுன்ஸ் கோயிலில் சமையலறைப் பாத்திரங்களைக் கழுவ வாரம் தவறாமல் போவார். அந்த ஓடைக் கரையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

போன வருடம் அத்தான் இறந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, நானும் அக்காவும் அவளுடைய சின்ன வீட்டில் மிஞ்சிய சாப்பாட்டைப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தோம். அக்கா திடீரென்று பேசினாள்.

"நல்ல மனுசன். என்னை ஒரு நாள் கை நீட்டினதில்லை, ஒரு சொல் சொன்னதில்லை. ஆனா அந்த நரிக்குட்டி விசயத்தில என்னால அவரை மன்னிக்கவே முடியேல்லை."

"என்ன விசயம்?" என்றேன்.

"குட்டி செத்த அண்டைக்கு அவரே வந்து சொன்னவர். பால் குடுக்கிற காலமெண்டு தெரிஞ்சுதான் சுட்டவராம். நான் அவ்வளவு சொல்லியும். அதுக்குப் பிறகு நான் அவரோட முந்தி மாதிரி இருக்கேல்லை. நாற்பது வருசத்துக்கு மேல. கூட இருந்தன், சமைச்சுப் போட்டன். மனசு ஒரு அடி தள்ளியே நிண்டுது."

கறி அகப்பையை நான் கீழே வைத்துவிட்டேன். அவருக்குத் தெரியாது அக்கா, எனக்குத்தான் தெரிந்திருந்தது, மார்ச் என்று சொன்னது நான், தெரிந்துகொண்டு சொன்னது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தை, தொப்பியை, அவருடைய நனைந்த கையை, எதையும் விடாமல் சொன்னேன். அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டி வரும் என்று அழாமல் சொன்னேன்.

நான் முடித்த பிறகு, அக்கா பெட்டியின் மூடியை நான்கு மூலையிலும் அழுத்திப் பூட்டினாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல் கையை வைத்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:

"அவர் இருக்கேக்குள்ள சொல்லியிருக்கலாம்."