மைக் அண்ணன் சொன்ன திருத்தம்

அந்த அறிவிப்பை நான் இரண்டு முறை அடித்து எழுதியிருந்தேன். உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். மூன்று நாள் விடாத மழை. திருப்புலிவனத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் ஏரி தளும்பி நின்றது. கரையைக் காப்பாற்ற மதகைத் திறக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்ததும், மேலதிகாரி அறிவிப்பு எழுதும் வேலையை என்னிடம் தந்தார். ‘ஏரியின் உபரிநீர் வெளியேற்றப்படவுள்ளதால் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் தகுந்த முன்னெச்சரிக்கையுடன் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ பிழையில்லாத தமிழ் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

அதை ஊருக்குச் சொல்ல வந்தவரை எல்லோரும் மைக் அண்ணன் என்போம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ஜவுளிக்கடைத் தள்ளுபடியிலிருந்து சாவுச் செய்தி வரை அறிவிப்பவர். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சி, மாலையில் இன்னொரு கட்சி. அவர் காகிதத்தை வாங்கி, உதடு அசைய முழுதும் படித்தார். பிறகு, “எத்தினி மணிக்கு மேடம் தண்ணி வரும்? எந்தத் தெருவுக்கு? அவங்கோ எங்க போறது?” என்று கேட்டார்.

மூன்றையும் நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுதியிருப்பதை அப்படியே படித்தால் போதும் என்றேன். அவர் கோபப்படவில்லை. “படிச்சிடறேன் மேடம். ஆனா கேக்கறவன் அத்த வெச்சிகினு இன்னா பண்ணுவான்?” என்றார்.

தொலைபேசியை எடுத்தேன். ஏரியில் நின்றிருந்த பொறியாளரைப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. பகல் இரண்டு மணிக்குள் கீழண்டைத் தெருவில் தண்ணீர் ஏறும் என்றார். எங்கே போவது என்று யாருமே முடிவு செய்திருக்கவில்லை. ‘பாதுகாப்பான இடம்’ என்று எழுதிவிட்டதால் அப்படி ஓர் இடம் இருப்பதாக நாங்களே நம்பியிருந்தோம். தலைமையாசிரியரிடம் பேசிப் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொன்னேன். அண்ணன் பக்கத்தில் நின்று, ஆடு மாட்டை விட்டுவிட்டு ஒருவரும் வரமாட்டார்கள் என்றார். சைக்கிள் கொட்டகையையும் கேட்டு வாங்கினேன். மேலதிகாரியைக் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அது.

நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். வழியில் ஏரிக்கரை ஓரம் அண்ணன் வண்டியை நிறுத்தி, சேற்றில் வழுக்கிக்கொண்டே மேலே ஏறிப் போனார். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுகிறேன் என்றார். ஆட்கள் மணல் மூட்டைகளைத் தோளில் சுமந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

கீழண்டைத் தெருவில் அவர் குரல் கேட்டும் கதவுகள் திறக்கவில்லை. ஆடு வளர்க்கும் அக்கா ஒருவர் மட்டும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தத் தெருவில் எல்லோரும் கூலி வேலைக்காரர்கள். பட்டா இல்லாத வீடுகள்.

“போன எலக்சன்ல பட்டா வூடு தேடி வரும்னு இதே மைக்குலதான சொன்ன? இப்ப தண்ணி வரும்னு சொல்ற” என்றார் அவர்.

அண்ணன் மைக்கை அணைத்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி மழையில் அந்த அக்காவின் எதிரே நின்றார்.

“சொன்னேம்மா. அது எழுதிக் குடுத்தாங்கோ, படிச்சேன். இது நான் பாத்துட்டு வந்து சொல்றேன். கரை ஒரு எடத்துல கரைஞ்சிகினு கீது. ஆட்டையும் ஓட்டிகினு வா, பள்ளிக்கூடத்துல எடம் கீது.”

அந்த அக்கா என்னைப் பார்த்தார். ஆட்டுக்கும் இடம் உண்டு, நானே கேட்டு வைத்திருக்கிறேன் என்றேன். திரும்பிப் போய் முதல் ஆட்டின் கயிற்றை அவிழ்த்தார். அதைப் பார்த்த பிறகுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

இரண்டு மணிக்குள் தெருவே பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஆனால் தண்ணீர் வரவில்லை. மூன்றரை ஆயிற்று. சிலர் என் காதுபடவே முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்குக் கிளம்பியும் விட்டார்கள். நான்கு மணிக்கு, ஏரித் தண்ணீர் போகும் ஓடை உடைந்து வெள்ளம் கீழண்டைத் தெருவில் புகுந்தது. கிளம்பியவர்கள் இடுப்பளவு நீரில் திரும்பி வந்தார்கள். சுவர்கள் சரிந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

எல்லோரும் அண்ணனைச் சூழ்ந்துகொண்டு கும்பிடாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் விலகிப்போய் மைக்கை எடுத்தார். “ரெண்டு மணிக்குத் தண்ணி வரும்னு சொன்னேன். வரல. நாலு மணிக்குத்தான் வந்துச்சி. நான் சொன்ன நேரம் தப்பு.” அவ்வளவுதான். இப்போது இதற்கு என்ன அவசியம் என்று கேட்டேன். “அடுத்த வாட்டி வந்து சொன்னா நம்பணும் இல்ல மேடம்?” என்றார்.

அதற்குப் பின் இத்தனை ஆண்டு அரசு வேலையில் ஆயிரக்கணக்கான அறிவிப்புகளை எழுதிவிட்டேன். ‘தகுந்த’, ‘உரிய’, ‘ஆவன’ போன்ற சொற்களை எழுத வரும்போதெல்லாம், எனக்குத் தெரியாத எதையோ அவற்றால் மூடுகிறேனா என்று பேனா ஒரு கணம் நிற்கும். அந்தத் தயக்கம் அவர் கொடுத்தது. அதற்கு நான் அவருக்கு ஒழுங்காக நன்றிகூடச் சொன்னதில்லை.

சென்ற மாதம் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுக்கும் கடைசி நாளைத் தவறாகச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை, நான் வெள்ளி என்றிருந்தேன். கூட்டம் கலைகிற நேரத்தில்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர், அலுவலகப் பலகையில் ஒட்டிவிடலாம், பார்த்துக்கொள்வார்கள் என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஆனாலும் மைக்கை வாங்கி, நான் சொன்ன கிழமை தப்பு என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் பேனா கேட்டு வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் இருக்கும் அண்ணனை அழைத்தேன். குரல் தளர்ந்திருந்தது. நடந்ததைச் சொல்லி, இத்தனை நாள் சொல்லாமல் விட்ட நன்றியையும் சொன்னேன். அதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

“கூட்டத்துக்கு வராதவங்களுக்கு யாரு மேடம் சொன்னாங்கோ?” என்று கேட்டார்.

மறுநாள் காலை ஒலிபெருக்கி கட்டிய ஓர் ஆட்டோவில் ஏறித் தெருத் தெருவாகப் போனேன்.