சாத்துக்குடிப் பையோடு வந்த மச்சான்

பன்றிக் காய்ச்சல் பரவியதற்கு அடுத்த வருடம், கடலூரில் என் மனைவிக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்தது. "ஃப்ளூ வந்தா தாங்க மாட்டாங்க. வீட்டுக்கு வந்து போறவுங்க எல்லாரும் தடுப்பூசி போட்டுக்குங்க" என்றார் டாக்டர். நான் போட்டுக்கொண்டேன். குறிஞ்சிப்பாடியிலிருந்த அவள் தம்பியிடமும் சொன்னேன்.

"நான் நல்லாத்தான இருக்கேன், எனக்கு எதுக்கு மாமா ஊசி?" என்று சிரித்தான்.

ஒரு நாள் இருமிக்கொண்டே சாத்துக்குடிப் பையோடு வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்தான். வெளியே இருக்கச் சொன்னேன்.

"அக்காவ வந்து பாக்கலன்னா ஊரு என்ன பேசும் மாமா?"

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

"கடைசியா வந்து பாத்துட்ட, அந்தப் புண்ணியம் போதும்" என்று சாவு வீட்டில் ஊரே அவனைத் தேற்றியது.

நான் இன்றும் வருடம் தவறாமல் ஊசி போட்டுக்கொள்கிறேன். அந்த ஊசியால் காப்பாற்றத்தான் வீட்டில் யாரும் இல்லை.